மயிலையில் நான்கு மாதங்கள்

புனித சவேரியார் என்றதும் ஓயாமல் நடந்த கால்களே நம் நினைவுக்கு வரும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், ஊர் ஊராகச் சென்று செபங்களைத் தமிழிலேயே கற்பித்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்தன.

அப்படிப்பட்டவர் 1545-இல் மயிலாப்பூரில் சுமார் நான்கு மாதம் தங்கிவிட்டார்! மந்தை காத்திருக்க மேய்ப்பர் ஒதுங்கலாமா? கரையூர்களை மான்சிலாஸ் என்ற துணைவரின் பொறுப்பில் விட்டிருந்தார். கிழக்கே மக்காசாருக்குப் போவதா வேண்டாமா என்பதில்தான் அவருக்குத் தெளிவில்லை. களைத்த மனத்தோடு முடிவெடுக்க அவர் விரும்பவில்லை போலும். பங்குத்தந்தையின் வீட்டில் தங்கி, இரவில் தோட்டத்தின் வழியே சென்று தோமையார் கல்லறையருகே செபித்தார். (கோவையிலிருந்து சென்னை செல்வோர் சாந்தோம் பேராலயத்தில் அக்கல்லறையைக் காணலாம்.)

மனம் தெளிந்ததும் மலாக்காவுக்குக் கப்பலேறினார். பின்னர் ஜப்பான்வரை சென்றார். 1552 டிசம்பர் 3-இல் சீனக் கரையருகே ஒரு தீவில் உயிர் துறந்தபோது அவருக்கு வயது 46.