விழக் கற்பித்தவர்

1877ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர் ஒருவர், அந்நகரின் எலும்பு வைத்தியர்களைத் தேடி அலைந்தார். அவருக்கு எலும்பு முறிவு ஏதுமில்லை. அவர் தேடியது ஜுஜுத்சு என்னும் வெறுங்கைப் போர்க்கலையின் ஆசானை. மூட்டை விலக்கத் தெரிந்தவருக்கு அதைப் பொருத்தவும் தெரியுமன்றோ! மாணாக்கரை இழந்த ஆசான்கள் சிலர் அந்நாளில் எலும்பு வைத்தியத்தால் பிழைத்துவந்தனர். அம்மாணவரே ஜிகோரோ கானோ.

கோபே நகரை அடுத்த மிகாகேயில், மது வடிக்கும் தொழில் நடத்திய செல்வக் குடும்பத்தில் 1860இல் பிறந்தவர் கானோ. குள்ளமான, மெலிந்த உடல் அவருடையது. விடுதிப் பள்ளியில் வலியவர் கையால் அடிபட்டதே இக்கலையை நாடச் செய்தது. ஆனால் 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி, சாமுராய் வகுப்பின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்திருந்தது. 1876இல் வாள் ஏந்துவதும் தடைசெய்யப்பட்டது. மேலைநாட்டு மோகம் பரவிய அக்காலத்தில், பழைய போர்க்கலைகள் பயனற்றவையாக ஒதுக்கப்பட்டன.

புகுதா ஹச்சினோசுகே என்னும் ஆசானிடம் கானோ பயிலத் தொடங்கினார். அங்கிருந்த பருத்த உடலினர் ஒருவரை அவரால் வீழ்த்தவே இயலவில்லை. நூலகம் சென்று மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியைத் தோள்மேல் தூக்கி எறியும் உத்தியொன்றைக் கண்டறிந்து, அவரை வீழ்த்தினார். படிப்பும் பயிற்சியும் அவருக்கு வேறுவேறாக இருந்ததில்லை.

1882இல், 22 வயது நிரம்பாத கானோ, டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் 12 பாய்கள் விரித்த சிறு கூடத்தில் ஒன்பது மாணாக்கருடன் கோதோகான் பள்ளியை நிறுவினார். கலையின் பெயரையும் மாற்றினார். 'ஜுத்சு' என்பது உத்தி. 'தோ' என்பது நெறி. ஜூடோ என்றால் இணங்கிக்கொடுக்கும் நெறி. பூட்டியதாக எண்ணித் தோளால் இடித்த கதவு சட்டெனத் திறந்தால், இடித்தவர் தம் வலிமையாலேயே குப்புற விழுவார். தள்ளுபவரை எதிர்க்காமல் பின்வாங்கி, அவர் நிலைகுலையும் நொடியில் வீழ்த்துவதே இக்கலையின் உயிர்நிலை.

உயிருக்குக் கேடான அடிகளைக் கானோ கட்டற்ற பயிற்சியிலிருந்து நீக்கினார். புதிய மாணாக்கர் வீழ்த்தக் கற்குமுன் காயமின்றி விழக் கற்றனர். எறிபவர், விழுபவரின் சட்டைக் கையைப் பற்றி அவர் தலை தரையில் மோதாமல் காத்தல் வேண்டும். எதிரி இவ்வாறு பயிற்சித் துணைவர் ஆனார். அடக்குவதற்கென்றே பிறந்த கலையொன்றில் இம்மாற்றம் எளிதன்று. ஆற்றலைச் செம்மையாகப் பயன்படுத்துதல், தானும் பிறரும் சேர்ந்து வளர்தல் என்னும் இரண்டையும் அவர் ஜூடோவின் கொள்கைகளாக்கினார். 1893 முதல் பெண்களுக்கும் கற்பித்தார்.

தொழிலால் அவர் கல்வியாளர்; டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சி உயர்பள்ளிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர். 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். ஆயினும் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் முனைந்து வற்புறுத்தவில்லை. பதக்கத்துக்கான போட்டியாக மட்டும் அதை அவர் கருதியதில்லை. 1940ஆம் ஆண்டுப் போட்டிகளை டோக்கியோவுக்குப் பெற உழைத்தவர், கெய்ரோ கூட்டம் முடிந்து திரும்புகையில் 1938 மே 4 அன்று கப்பலிலேயே காலமானார். போர்ச்சூழலில் ஜப்பான் அப்போட்டிகளைச் சில வாரங்களிலேயே கைவிட்டது.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது. எடைவரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவை வென்றார். அரங்கம் உறைந்தது. மகிழ்ச்சியில் பாயை நோக்கி ஓடிவந்த தம் நாட்டவரைக் கேசிங்க் கையுயர்த்தித் தடுத்தார். பின்னர்த் தோற்றவர் முன் தலைதாழ்த்தி வணங்கினார்.