ஒரு விருது உடைத்த விதி: ஜெனரல் திம்மையா டி.எஸ்.ஓ. வாங்கிய கதை

உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு விதி இருக்குன்னு வைச்சுக்கோங்க. நீங்க மேனேஜர் ஆகலாம். ஆனா குறிப்பிட்ட சிலர் மட்டும் உங்களுக்குக் கீழே வேலை பார்க்க மாட்டாங்க. அதுக்காகவே உங்களுக்குத் தனி கிளை.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இது நிஜமாகவே நடந்தது. 1923-ல் எட்டு படைப்பிரிவுகளை ஒதுக்கி, இந்திய அதிகாரிகளை அவற்றில் மட்டும் நியமிக்க முடிவானது. எந்த வெள்ளைக்கார அதிகாரியும் இந்தியரின் உத்தரவை ஏற்கும் நிலை வரக்கூடாது என்பதே நோக்கம். அந்த எட்டில் ஒன்றான 19-வது ஹைதராபாத் ரெஜிமென்ட்டின் 4-வது பட்டாலியனுக்கு வந்து சேர்ந்தவர்தான் கே.எஸ்.திம்மையா.

யார் இவர்?

1906-ல் குடகின் மடிக்கேரியில் பிறந்தவர். நம்ம குன்னூரிலும் பிறகு பெங்களூரிலும் படித்தார். சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சி முடித்து 1926-ல் அதிகாரியானார்.

நாடு விடுதலை கேட்கும்போது அந்நியனுக்கு ஏன் உழைக்கணும்? இந்தக் கேள்வி அவரையும் விடவில்லை. சுதந்திர இந்தியாவுக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று மோதிலால் நேரு சொன்னதால் ராணுவத்திலேயே நீடித்தார். அவருடைய அண்ணனோ, பின்னாளில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்.

காங்காவில் என்ன நடந்தது?

1945 ஜனவரி, பர்மாவின் அரக்கான் கடற்கரை. ஜப்பானியப் படை பின்வாங்கும் சாலையை மறிக்க காங்காவ் என்ற இடத்தில் கடும் சண்டை. அங்கே போரிட்ட 51-வது பிரிகேடின் தலைவர் ஆங்கிலேயர். ஆனால் அதன் மூன்று பட்டாலியன்களையும் நடத்தியவர்கள் இந்தியர்கள்: திம்மையா, தோரட், எல்.பி.சென்.

மூவருக்குமே டி.எஸ்.ஓ. கிடைத்தது.

அது என்ன விருது?

விக்டோரியா கிராஸ் தனிமனித வீரத்துக்கான உச்ச விருது. டி.எஸ்.ஓ. அப்படியல்ல, அந்தக் காலத்தில் எதிரியின் முன்னே படையைத் திறம்பட நடத்திய அதிகாரிகளுக்கானதாக இருந்தது. சுருக்கமா சொன்னா, தலைமைக்கான அங்கீகாரம். இந்தியச் சிப்பாய்களின் வீரத்தை யாரும் சந்தேகித்ததில்லை. அவர்களுக்கு 1911 முதலே விக்டோரியா கிராஸுக்குத் தகுதி உண்டு. சந்தேகமெல்லாம் இந்தியரின் தலைமை மீதுதான். அந்தச் சந்தேகத்துக்குத்தான் காங்காவில் பதில் கிடைத்தது.

அதே ஆண்டு 36-வது பிரிகேட் திம்மையாவின் கைக்கு வந்தது. அந்தப் போரில் களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய ஒரே இந்தியர் அவர்தான்.

பிறகு?

1948-ல் பனி மூடிய சோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிப் பாகிஸ்தான் தரப்பை அதிரவைத்தார். 1957 முதல் 1961 வரை ராணுவத் தளபதி. 1965-ல் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை வகித்தபோது இறந்தார். அந்தப் படையில் பிரிட்டிஷ் வீரர்களும் இருந்தார்கள். இந்தியரின் உத்தரவை வெள்ளைக்காரர் ஏற்கக்கூடாது என்று 1923-ல் போட்ட விதி எங்கே போய் முடிந்தது, பாருங்க.