பாபாசாகேப் கற்ற கல்வியின் செலவுக் கணக்கு

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர், அவர் பெற்ற பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தோதுவது வழக்கம். கேட்கும் நம்மவர் பெருமிதம் கொள்கின்றனர், அது முறையே. ஆயின் அப்பட்டங்களுக்கான பொருள் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை வாராது நின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பிள்ளையைக் கடல் கடந்து படிக்க வைக்கக் கடன் தேடி அலையும் பெற்றோர் இன்று நம்மிடையே பலர் உளர். ஆதலின் அப்பெருமகனாரின் மாணவப் பருவத்தை வரவு செலவின் வழியே நோக்கக் கருதினோம்.

அவர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் நகரில் பிறந்தார். தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால், படையினின்று ஓய்வு பெற்றவர். 1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறிய காலத்தில் குடும்பம் பம்பாயில் ஒற்றை அறையில் வாழ்ந்து வந்தது. கல்லூரிச் செலவைத் தாங்கத் தந்தையாரால் இயலவில்லை. அப்போது கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மராத்தியில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அம்மாணவருக்குப் பரிசளித்தவரும் இவரே என்பது நம் வாசகர்க்கு நினைவிருக்கும். மன்னர் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். அதைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நிறைவேறிற்று.

1913 பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் காலமானார். அவ்வாண்டே ஜூன் 4ஆம் நாள் அமெரிக்கா செல்வதற்கான ஒப்பந்தத்தில் மகன் கையொப்பமிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் தரப்படும். குறித்த பாடங்களையே பயில வேண்டும். படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் புரிய வேண்டும். அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆகவே மாதத் தொகை 170 ரூபாய்க்குச் சற்று மிகும். நம் நாட்டில் அது பெருந்தொகை. நியூயார்க்கில் ஒரு மாணவனுக்கு அது அளந்து செலவிட வேண்டிய தொகை. அதிலும் ஒரு பகுதியைப் பம்பாயிலிருந்த மனைவியார் இரமாபாய்க்கு அனுப்ப வேண்டியிருந்தது.

ஆதலால் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் அவர் உணவில் சுருக்கினார். கேளிக்கை என்பதை அறியார். பழம்புத்தகக் கடைகளில் மட்டும் கை தாராளமாயிற்று. சுமார் 2,000 நூல்கள் வாங்கினாராம்! 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் சாதிகளின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். அங்கேதான் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு நண்பரானார். இப்பெயரை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

1916 அக்டோபரில் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டுகூட நிறையவில்லை, உபகாரச் சம்பளத்தின் தவணை முடிந்தது. சமஸ்தானம் அழைத்தது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியொன்றே கையில் மிஞ்சியது. உலகப் போர் நடந்த காலம். அவர் பொருள்களை ஏற்றிவந்த கப்பலும் தாக்குண்டு மூழ்கியது. அவ்விழப்பிற்காகக் கிடைத்த தொகையே பரோடா செல்லும் வழிச்செலவாயிற்று.

பரோடாவில் நேர்ந்தது உலகறிந்தது. கொலம்பியாவில் கற்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியொன்றில் வேற்றுப் பெயரால் தங்கினார்; நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றிற்று. பத்தாண்டு ஊழியத்தை எழுதி வாங்கிய சமஸ்தானம், அவ்வூழியன் தலைசாய்க்க ஓர் இடம் உண்டா என்று எண்ணிப் பார்க்கவில்லை. மன்னரின் கொடையை நாம் குறைத்துப் பேசவில்லை. கொடை கப்பலேற்றியது, கப்பலிலிருந்து இறங்கியவனை ஊர் ஏற்கவில்லை.

பம்பாய் திரும்பியவர் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தும் வேறு சிறு தொழில்கள் முயன்றும் காலங்கழித்தார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் 450 ரூபாய்ச் சம்பளத்தில் பேராசிரியரானார். இல்லத்திற்கு வரையறுத்த தொகையே கொடுத்து, மற்றதை இலண்டனுக்கென்று சேமித்தார். பேராசிரியர் மனைவி என்னும் பேரோடு வறுமையை ஏற்று நடத்திய இரமாபாய் அம்மையாரின் பங்கை எந்தப் பட்டச் சான்றிதழும் குறிப்பதில்லை. 1920இல் அச்சேமிப்போடு கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும், நண்பர் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயும் சேர்ந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் இலண்டன் கல்லூரியில் பெயர் பதிந்தார்.

இம்முறை மாதந்தோறும் வரும் உபகாரச் சம்பளம் இல்லை. காலையில் விடுதிக்காரி தரும் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பைப் பானம். பின் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். நண்பகல் உணவு கிடையாது. இரவு பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். நம் நாட்டவர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டு அறையில் இருந்தது. நான்கைத் தகரத்தின்மேல் வாட்டித் தின்று, ஒரு குவளைப் பால் பருகி, விடியும்வரை படிப்பார்.

இங்கு ஒரு செய்தியைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்கிற்கு மேல் மாற்றுக் கிடைத்தது. 1921இல் அது 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழிறங்கியது. ரூபாயில் சேமித்துப் பவுனில் செலவிடும் மாணவனுக்கு இதன் பொருள் யாது? பம்பாயிலிருந்து வரும் அதே நூறு ரூபாய், கைக்கு வந்து சேரும்போது மூன்றிலொரு பங்கிற்கு மேல் இளைத்திருக்கும். இக்காலத்தில் அவர் ஆராய்ந்து எழுதிய நூலோ ரூபாயின் சிக்கலைப் பற்றியது! பசியே அப்பொருளைத் தேர்ந்தெடுத்தது என்று நாம் சொல்லமாட்டோம்; அவர் முன்னரே பொருளியல் வல்லுநர். ஆயினும் நாணயமாற்று வீழ்ந்தால் ஏழையின் கையில் யாது குறையும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர் என்பது நம் துணிபு.

1921இல் எம்.எஸ்ஸி., 1922இல் பாரிஸ்டர். ஜெர்மனியின் போன் நகரிலும் பயில விழைந்து சென்றார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் ஆய்வுரையைத் திருத்தித் தருமாறு கூறினர். இலண்டனில் தங்கித் திருத்தப் பணமில்லை. பம்பாய் வந்து திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதிக்குள் டி.எஸ்ஸி. பட்டம் வந்தது. வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கட்டணம்? அதற்கும் பதேனாவே கைகொடுத்தார். கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமோ, ஆய்வுரை 1925இல் அச்சேறிய பின்னரே, 1927இல் கிடைத்தது. அந்நூலைச் சாயாஜிராவ் மன்னருக்கே காணிக்கையாக்கினார். பரோடா விடுதியை மறவாதவர், 25 ரூபாயையும் மறக்கவில்லை.

ஒரு மன்னரின் இரக்கமும் ஒரு நண்பரின் கடனும் வாய்த்தாலன்றிப் படிக்கவியலாத நிலை நீடிக்கலாகாது என்று அவர் கருதினார். 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒடுக்கப்பட்டோர் குறைகளை விளக்கி நீண்ட விண்ணப்பம் சமர்ப்பித்தார். அதன் பயனாக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உபகாரச் சம்பளம் 1944இல் தொடங்கியது. அயல்நாட்டுப் படிப்பிற்கென இந்திய அரசின் தனித்திட்டம் 1954-55இல் ஏற்பட்டது; இன்றும் நடைபெற்று வருகிறது. அதில் கல்விக் கட்டணத்தோடு தங்கும் செலவும் கப்பலுக்குப் பதிலாக வானூர்திக் கட்டணமும் அடங்கும்.