வழிகாட்டி வேலை போனது, வழிகாட்டுதல் நிற்கவில்லை: பறவையியலாளர் சாலிம் அலி

ஆவடி பருத்திப்பட்டு ஏரி, அம்பத்தூர் ஏரி என்று குளிர்காலக் காலைகளில் பைனாகுலரோடு பறவை பார்க்கப் போகிறவர்கள், விவரம் தெரிந்த ஒருவரை முன்னால் விட்டு அவர் பின்னால் நடப்பார்கள். நம் நாட்டில் பலரை இப்படி நடக்க வைத்தவர் சாலிம் அலி அவர்கள்.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த யத்தீம். வளர்த்தவர் தாய்மாமா அமீருத்தீன் தய்யப்ஜி. சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இப்படிப்பட்ட குருவியை முஸ்லிம்கள் சாப்பிடலாமா என்ற சந்தேகத்தில் மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளர் மில்லார்டு, தயங்கி நின்ற பையனுக்கு அலமாரி இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பெரியவர் சற்று நேரம் ஒதுக்கினார், அவ்வளவுதான்.

கல்லூரிப் படிப்பு முடியவில்லை. பர்மாவில் குடும்பத் தொழில் பார்த்தும் சரிவரவில்லை. 1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு இயற்கைப் பிரிவைச் சுற்றிக் காட்டி விளக்க வேண்டும். இடையில் ஜெர்மனி போய்ப் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பினால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டம் இல்லாதவருக்கு வேறு எங்கே வேலை?

மனைவி தெஹ்மினாவுடன் கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபோனார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கவனித்தார். கூட்டைப் பின்னுவது ஆண். பாதி முடிந்ததும் பெண் வந்து சோதிக்கும், பிடித்தால்தான் தங்கும். அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்க்கும். வேலையில்லாத நாட்களில் எழுதிய இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகக் காடு மேடு அலைந்து பறவைக் கணக்கெடுத்தார். கூடவே முகாம்களில் இருந்த தெஹ்மினா 1939-ல் மறைந்தார். 1941-ல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், ஆசிரியர் இல்லாதவர்களுக்கும் வழிகாட்டியானது. நம் கோடிக்கரையிலும் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணி அவர் முயற்சியால் நடந்தது. பத்ம விபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி எல்லாம் முதுமையில் வந்தவை. 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் உள்ள பறவையியல் மையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

பூந்தமல்லிக்கு மேற்கே போகும்போது பனையோலையில் கூடு தொங்கினால் பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடிப்பது ஆண் குருவி.