சுரப்பியின் சாற்றைப் படிகமாக்கிய தகாமினே

குளவி கொட்டியோ, மருந்தோ உணவோ ஒவ்வாமலோ ஒருவரின் மூச்சுக்குழாய் இறுகி, குருதியமுக்கம் சரிந்து, உயிர் ஊசலாடும் வேளையில் வைத்தியர் முதலில் நாடவேண்டிய மருந்து அட்ரினலின் ஆகும். வளர்ந்தவருக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் ஏற்றினால், விரிந்த குருதிக்கலன்கள் சுருங்குகின்றன, இதயம் வலுவாகத் துடிக்கிறது, மூச்சுக்குழாய் விரிகிறது. இம்மருந்தைத் தூய வடிவில் உலகுக்கு அளித்தவர் ஜோகிச்சி தகாமினே என்னும் ஜப்பானியர். பிறந்த நாட்டில் பெரும் புகழ் கொண்ட இவரை நம்மில் மிகச் சிலரே அறிவோம்.

1854 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி தகாஒக்கா நகரில் பிறந்த தகாமினேயின் தந்தை ஒரு வைத்தியர். தாயின் குடும்பத்தினரோ அரிசியிலிருந்து சாக்கே என்னும் மது தயாரிப்பவர்கள். இவ்விரு வழிகளும் அவரது வாழ்வில் பின்னர் ஒன்றுசேர்ந்தன. டோக்கியோவில் பொறியியல் கல்லூரியிலே பட்டம் பெற்று, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேற்படிப்பு முடித்து, நாடு திரும்பி அரசாங்க சேவையில் இணைந்தார். 1884 இல் நியூ ஓர்லியன்ஸ் கண்காட்சிக்கு ஜப்பானின் சார்பில் சென்றவர், அங்கு கரோலின் ஹிட்ச் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்து 1887 இல் மணம் புரிந்தார்.

1890 இல் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியபோது, அவர் எடுத்துச் சென்ற பெருஞ்செல்வம் சாக்கே தயாரிப்பில் பயன்படும் கோஜி என்ற பூஞ்சணம் பற்றிய அறிவே. முளைவிட்ட பார்லிக்குப் பதிலாக அதைக்கொண்டு விஸ்கி தயாரிக்கலாம் என்று இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் முயன்றார். பார்லித் தொழிலை நம்பியிருந்தோர் எதிர்த்தனர். ஆலை தீக்கிரையானது. கடும் நோயும் அவரை வாட்டியது. எனினும் அதே பூஞ்சணத்திலிருந்து மாச்சத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம் ஒன்றைப் பிரித்தெடுத்து, 1894 இல் காப்புரிமை பெற்றார். பார்க் டேவிஸ் நிறுவனம் விற்பனை செய்த அந்த மருந்துதான் அவரை வறுமையிலிருந்து மீட்டது.

அக்காலத்தில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளைப் பற்றி வைத்தியர்களிடையே பெரும் ஆவல் நிலவியது. அவற்றின் சாறு குருதியமுக்கத்தை உயர்த்தும் என்பதைப் பிரித்தானியாவின் ஒலிவரும் ஷேஃபரும் காட்டியிருந்தனர். ஆயினும் சாறு கலப்படமானது, விரைவில் கெட்டுவிடுவது, வீரியமும் நிலையற்றது. அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் ஆபெல் பிரித்தெடுத்து எபிநெஃப்ரின் எனப் பெயரிட்டதும் தூய பொருளன்று. 1900 ஆம் ஆண்டு கோடையில், நியூயோர்க்கிலிருந்த தகாமினேயின் சிறிய ஆய்வுகூடத்தில் அந்தச் சாறு முதன்முதலாகப் படிகமாயிற்று. ஓமோன் என்ற சொல்லே 1905 இல்தான் பிறந்தது. அதற்கு முன்னரே ஓர் ஓமோன் தூய நிலையில் கைக்கு வந்துவிட்டது!

இங்கு ஒன்றை நாம் மறைக்க விரும்பவில்லை. அப்படிகத்தைத் தம் கைகளால் உருவாக்கியவர் தகாமினேயின் இளம் உதவியாளர் கெய்சோ உவேனாகா ஆவார். அவர் அன்றாடம் எழுதி வைத்த குறிப்பேடு ஜப்பானில் இன்றும் பேணப்படுகிறது. காப்புரிமைப் பத்திரத்திலோ அவரது பெயர் இல்லை. தகாமினேயின் பெருமை இதனால் அழிந்துவிடாது, ஆனால் பங்கிடப்பட வேண்டியது என்பதே நமது கருத்து.

1903 இல் கிடைத்த அந்தக் காப்புரிமை நீதிமன்றத்துக்கும் சென்றது. இயற்கையில் உள்ள பொருளுக்கு உரிமை கொண்டாடலாமா என்ற வினா எழுந்தபோது, 1911 இல் நீதிபதி லேர்னெட் ஹேண்ட், தூய்மையாக்கப்பட்ட பொருள் புதியதே எனத் தீர்ப்பளித்தார். நூறாண்டுகள் கழித்து, 2013 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மனித மரபணுக்கள் தொடர்பான வழக்கில் வேறு திசையில் தீர்ப்பு வழங்கியது. மருந்தின் விலைக்கும் இத்தகைய உரிமைகளுக்கும் உள்ள தொடர்பை நாம் அறிவோம்.

தொடக்கத்தில் இம்மருந்துக்குக் கால்நடைகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1904 இல் ஜேர்மனியின் ஸ்டோல்ஸ் அதனைச் செயற்கையாகத் தொகுத்தார். இன்று ஊசியில் ஏறுவது தொழிற்சாலையில் உருவானதே. பல் பிடுங்குமுன் இடப்படும் விறைப்பூசியிலும் பெரும்பாலும் அது கலந்துள்ளது. குருதிக்கலன்களைச் சுருக்கி, விறைப்பை நீடிக்கச் செய்கிறது. இதயம் நின்றவருக்கு நாளத்தின் வழியே 1 மில்லிகிராம் தரப்படுகிறது. அளவும் வழியும் மாறினால் இதே மருந்து இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும். ஆனால் கடும் ஒவ்வாமையில் அந்த அச்சத்தால் தயங்கி, வேறு மாத்திரைகளைக் கொடுத்துக் காத்திருப்பது அதனினும் பேராபத்து.

செல்வந்தரான தகாமினே ஜப்பானில் சங்கியோ மருந்து நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1912 இல் டோக்கியோ நகரின் பெயரால் வோஷிங்டனுக்கு வந்த 3,020 செர்ரி மரங்களின் பின்னால் அவரது கொடையும் இருந்தது. எனினும் அன்றைய சட்டம் ஜப்பானியருக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்க இடமளிக்கவில்லை. 1922 ஜூலை 22 இல் நியூயோர்க்கில் மறைந்தபோதும் அவர் அந்நாட்டின் குடிமகன் அல்லர்.

பார்க் டேவிஸ் அட்ரினலின் என்ற பெயரைத் தன் வணிகக் குறியாக்கிக் கொண்டதால் அமெரிக்க வைத்தியர்கள் ஆபெலின் எபிநெஃப்ரினையே பொதுப் பெயராக இன்றும் எழுதுகின்றனர். ஜப்பானின் அதிகாரபூர்வ மருந்தேடும் நெடுங்காலம் அவ்வழியே சென்று, 2006 இல்தான் தகாமினே சூட்டிய பெயருக்குத் திரும்பியது.