வரிசையில் நிற்க வைத்த கால்பந்து வீரர்

குட்டீஸ், பள்ளிக்கு ஊசி போட வருகிறார்கள் என்று தெரிந்தால், அன்று காலையில் திடீரென்று வயிற்று வலி வந்துவிடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருக்கலாம்! சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 1958ம் ஆண்டு இங்கிலாந்தில், மீசை முளைத்த அண்ணன்களும் வேலைக்குப் போகும் அக்காக்களுமே ஊசிக்கு டிமிக்கி கொடுத்தனர். அவர்களை வரிசையில் வந்து நிற்க வைத்தவர் ஒரு கால்பந்து வீரர். ஆனால், அந்த வரிசையைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. அவர் பெயர் ஜெஃப் ஹால்.

இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர் இருக்கிறது. இரும்பு, எஃகு ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே 1929 செப்டம்பர் 7ம் தேதி பிறந்தார் ஜெஃப். சிறு வயதிலேயே கால்பந்து மீது கொள்ளை ஆசை. 1950ல் பர்மிங்காம் சிட்டி என்ற புகழ்பெற்ற அணியில் சேர்ந்தார். முதலில் நடுப்பகுதியில் ஆடியவரை, பிறகு வலது பின்வரிசைக்கு மாற்றினர். எதிரணி வீரர் பந்தோடு பாய்ந்து வரும்போது, அவரை மடக்கிப் பந்தைப் பறிக்க வேண்டும். அதுதான் பின்வரிசை வீரரின் வேலை. கோல் போடுகிறவருக்குக் கிடைக்கும் கைதட்டல் இவருக்குக் கிடைக்காது. ஆனால், இவர் ஒரு நொடி அசந்தால் அணியே தோற்றுவிடும்.

ஜெஃப் அசரவில்லை. ஓடுவதில் கெட்டிக்காரர். பர்மிங்காம் அணிக்காக 200க்கும் மேற்பட்ட லீக் போட்டிகளில் ஆடினார். 1955ல் இங்கிலாந்து தேசிய அணியிலும் இடம் கிடைத்தது. 17 சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். அவற்றில் இங்கிலாந்து தோற்றது ஒரே ஒரு முறைதான்! அந்த 17 போட்டிகளிலும் இடது பக்கம் நின்று ஆடிய ஜோடி, ரோஜர் பைர்ன். 1956ல் லட்சம் பேர் கூடிய வெம்ப்ளி மைதானத்தில், எப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியிலும் ஜெஃப் ஆடினார். அந்தப் போட்டியில் அவரது அணி தோற்றாலும், அவர் பெயர் நாடெங்கும் தெரிந்த பெயராகிவிட்டது.

இந்தக் காலத்தில் இங்கிலாந்தை ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. அதுதான் போலியோ. நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ், அசுத்தமான தண்ணீர், உணவு, கழுவாத கைகள் வழியாக வயிற்றுக்குள் போய்விடும். பலருக்கு ஒன்றுமே ஆகாது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து போகும். ஆனால், நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது நரம்பைத் தாக்கும். கை, கால் செயலிழந்து போகும். மூச்சு விட உதவும் தசைகளைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

1955ல் ஜோனஸ் சால்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் போலியோ தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியானது. உலகமே மகிழ்ந்தது. ஆனால், அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தயாரித்த மருந்தில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டதால், குழந்தைகள் சிலருக்கு நோயே வந்துவிட்டது. உடனே அந்த மருந்தைத் திரும்பப் பெற்றனர். சோதனைகளைக் கடுமையாக்கினர். ஆனாலும், பலர் மனதில் பயம் ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் 1956ல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். 1958ல் 25 வயது வரை உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. ஆனால், இளைஞர்கள் வரவில்லை! ஏன் தெரியுமா? அது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் நோய், நமக்கு எங்கே வரப்போகிறது என்ற நினைப்புதான். நோயின் பெயரிலேயே பிள்ளை என்று இருக்கிறதே! ஆங்கிலத்திலும் அப்போது அதைக் குழந்தைகளின் வாதம் என்றே அழைத்து வந்தனர்.

1959 மார்ச் 21ம் தேதி. போர்ட்ஸ்மவுத் அணியுடன் போட்டி. ஜெஃப் வழக்கம்போல ஓடினார், ஆடினார். வைரஸ் அப்போதே அவர் உடலுக்குள் இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தெரியாது, அவருக்கும் தெரியாது. சில நாட்களில் படுத்த படுக்கையானார். மருத்துவமனையில் சேர்த்தனர். நோய் போலியோ என்று தெரிந்தது. வாதம் உடலில் பரவியது. டாக்டர்கள் எவ்வளவோ போராடினர். பலன் இல்லை. ஏப்ரல் 4ம் தேதி ஜெஃப் ஹால் இறந்துவிட்டார். மைதானத்தில் ஓடி விளையாடிய பதினான்காவது நாள்! அப்போது அவருக்கு வயது 29.

நாடே திகைத்துப் போனது. ஜெஃப் நோஞ்சான் இல்லை. குழந்தையும் இல்லை. தினமும் பயிற்சி செய்து உடம்பை உரமாக வைத்திருந்தவர். நாட்டுக்காக ஆடியவர். அவருக்கே இந்தக் கதி என்றால்? நேற்று வரை அலட்சியமாக இருந்த இளைஞர்கள் யோசித்தனர். அந்தத் துக்கத்திலும் அவர் மனைவி தொலைக்காட்சியில் தோன்றி, கணவருக்கு நேர்ந்ததை எடுத்துச் சொன்னார். பார்த்தவர்கள் கண் கலங்கினர்.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? தடுப்பூசி மையங்களின் வாசலில் நீண்ட வரிசைகள்! கூட்டத்தைச் சமாளிக்க அவசரமாகப் புதிய மையங்களைத் திறந்தனர். கையிருப்பு மருந்து போதவில்லை. அமெரிக்காவில் இருந்து விமானத்தில் வரவழைக்க வேண்டியதாயிற்று! அதிகாரிகளின் அறிவிப்பால் நடக்காதது, ஒரு விளையாட்டு வீரரின் மரணத்தால் நடந்தது.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். 1959ல் தடுப்பூசித் திட்டம் 25 வயதோடு நின்றிருந்தது. 29 வயதான ஜெஃப் அந்த வரம்புக்கு வெளியே இருந்தார். அடுத்த ஆண்டே, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் திட்டத்தை விரிவாக்கினர். 1962ல் ஊசிக்குப் பதிலாகச் சர்க்கரைக் கட்டியில் சொட்டு மருந்து விட்டுக் கொடுக்கும் முறையும் அங்கே வந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய நோய், சில ஆண்டுகளிலேயே அந்த நாட்டில் அரிதாகிவிட்டது.

பர்மிங்காம் அணியின் மைதானத்தில் ஜெஃப் நினைவாக ஒரு பெரிய கடிகாரம் வைத்தனர். ஆட்டம் முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு, அவர் நினைவும் வந்தது.

நம் நாட்டிலும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துத்தான் போலியோவை விரட்டினோம். 2011க்குப் பிறகு இங்கே இயற்கையாகப் பரவும் போலியோ யாரையும் தாக்கவில்லை. 2014ல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழே கொடுத்தது.

கொரோனா காலத்தில், 2021ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது, போட்டிக்குச் செல்லும் வீரர்களுக்குத் தடுப்பூசி கிடைக்கத் தனி ஏற்பாடு செய்தனர். வீரர்களுக்கு எதற்கு ஊசி என்று இப்போது யாரும் உங்களிடம் கேட்டால், ஜெஃப் ஹால் கதையைச் சொல்லுங்கள். ஓடி ஆடினால் உடம்புக்கு நல்லது, கட்டாயம் விளையாடுங்கள். ஆனால், வைரஸ் நம் தசை வலிமையைப் பார்த்துப் பயந்து ஓடாது. அதை அடையாளம் கண்டு எதிர்க்க, உடம்புக்கு முன்கூட்டியே பாடம் சொல்லித் தர வேண்டும். தடுப்பூசி செய்வது அதைத்தான்.

அடுத்த முறை பள்ளிக்கு ஊசி போட வந்தால், வயிற்று வலி வராதுதானே?