மயில் மேல் உயிர் விட்ட நடிகர்

முருகன் வேடத்தில் மேடை ஏறினால் ஜனம் கையெடுத்துக் கும்பிடும். அந்தச் செல்வாக்கை வெள்ளைக்காரனுக்கு எதிராகத் திருப்பியவர் விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர்.

'வள்ளி திருமணம்' நாடகத்தில் பறவை விரட்டும் பாட்டு வரும். இவர் பாட்டில் பறந்தது வெள்ளைக் கொக்கு. அது யார் என்று கொட்டகைக்கே தெரியும். போலீசுக்குத் தெரியாதா? பலமுறை ஜெயில்! சம்பாத்தியம் கரைந்தது, கடன் ஏறியது. நடிகனுக்கு ஏன் இந்த வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் மாடி வீட்டில் வாழ்ந்திருப்பார்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த முருகன் அப்படியே சாய்ந்தார். உயிர் பிரிந்துவிட்டது. வயது 54. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் நினைவில்லம் ஆனது.